செவலைக்கு இடுப்பு ஆபரேசன்



எங்க பக்கம் இப்ப நாய்க்குப் பரிஞ்சு பேசறதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும். காங்கேயம், வெள்ளகோயில் வட்டாரத்துல தெருநாய்க கூட்டமா வந்து பட்டிக்குள்ள பூந்து ஆடுகளைக் கடிச்சுப் போட்டுட்டுப் போற செய்தியைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. செத்த ஆடுகளை எடுத்துட்டுப் போய் ரோட்டுல உக்காந்து இழப்பீடு கேட்டவங்கள்ல எங்க சொந்தபந்தமும் உண்டு. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் நாயைக் கார்ல ஏத்தி, நாமக்கல் வரைக்கும் கொண்டு போய், இடுப்புல ஆபரேசன் பண்ணிக் கூட்டிட்டு வந்தா என்ன பேச்சு வரும்? வந்துச்சு. பங்காளி ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே கேட்டார்: "நாயால ஆடு சாகுது. நீ ஆட்டை வித்து நாய்க்கு வைத்தியம் பாக்கறயாக்கும்?"

கேள்வியில தப்பில்லை. என்கிட்ட இருந்த பதிலும் சின்னதுதான். செவலை பட்டியில படுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசமாச்சு. அந்த ரெண்டு வருசத்துல எங்க பட்டியில ஒரு குட்டிகூடப் போகலை.

செவலை சாதி நாய் கிடையாது. கட்டுத்தரையில பொறந்து வளர்ந்த நாட்டு நாய், பொட்டை, மூணு வயசு, 16 கிலோ. வருசம் தவறாம வெறிநாய் ஊசி போட்டு, கருத்தடையும் பண்ணியிருக்கு. கொறங்காட்டுல ஆடு மேயும்போது பின்னாடியே போகும், பொழுதோட பட்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு கடவுக்குக் குறுக்கால படுத்துக்கும். யாரும் சொல்லிக் குடுக்கலை.

ஒரு நாள் ராத்திரி தார் ரோட்டுல ஏதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. விடியக்காலம் பார்த்தா கிளுவை வேலியோரம் மூணு கால்ல நின்னுட்டிருக்குது. இடது பின்னங்கால் வயித்துக்கு அடியில ஒடுங்கி, முட்டி வெளிப்பக்கமாத் திரும்பி, மத்த காலைவிட ஒரு விரக்கடை குட்டையாத் தெரிஞ்சுது. காலைத் தூக்கறதுக்கும் குட்டையாத் தெரியறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. முள் ஏறுனாலும் நாய் காலைத் தூக்கும். குட்டையாத் தெரிஞ்சா மேல எங்கேயோ எடம் மாறிப் போச்சுன்னு அர்த்தம்.

இந்த மாதிரி நேரத்துல முதல்ல துண்டை எடுத்து வாயைக் கட்டணும். நம்ம கையில வளர்ந்த நாய்தான், ஆனா வலியில கடிக்கும். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் வாயைக் கட்டக் கூடாது. அப்புறம் சாக்கை விரிச்சு அது மேல நாயை நகர்த்தி, ரெண்டு பேர் நாலு முனையைப் புடிச்சுத் தூக்கணும். கையில அள்ளி எடுத்தா ஒடைஞ்ச இடம் இன்னும் மோசமாகும்.

எங்கம்மா அதுக்குள்ள மூங்கப்பத்தையும் பழைய சேலைத் துணியும் எடுத்துட்டு வந்துட்டாங்க. "பெரண்டையை அரைச்சு வெச்சுக் கட்டுடா, பதினஞ்சு நாள்ல கூடிக்கும்." அம்மா சொல்றது சும்மா இல்லை. எத்தனையோ ஆட்டுக் கால் அப்படிக் கட்டிக் கூடியிருக்குது. ஆனா அதெல்லாம் முட்டிக்குக் கீழ ஒடைஞ்சது. எலும்பு கூடணும்னா ஒடைஞ்ச இடத்துக்கு மேல இருக்கற மூட்டும் அசையக் கூடாது, கீழ இருக்கற மூட்டும் அசையக் கூடாது. முட்டிக்குக் கீழன்னா பத்தை வெச்சு ரெண்டையும் நிறுத்திடலாம். தொடை எலும்புக்கு மேல் மூட்டு இடுப்பு. இடுப்பை எப்படிக் கட்டுவீங்க? நாய்க்குத் தொடையில மாவுக்கட்டுப் போட்டா அது கீழ இழுக்கற பாரமாத்தான் தொங்கும். கால் அசைய அசைய ஒடைஞ்ச முனையைக் கட்டே நெம்பும். ஊர்ல கோணக்காலோட திரியற நாய்கள்ல கொஞ்சம் இப்படிக் கட்டுனதுதான்.

உள்ளூர் கால்நடை டாக்டர் வந்தார். காலைத் தொடவே இல்லை. ஈறு வெளுத்திருக்கான்னு பார்த்தார், மூச்சைக் கவனிச்சார், வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு "மூத்திரம் போச்சுங்களா?"ன்னு கேட்டார். வண்டி அடிச்ச நாய்க்குக் கால் கடைசிங்க. நுரையீரல்ல அடி, உதரவிதானம் கிழியறது, மூத்திரப்பை வெடிக்கறது, இதெல்லாம் வெளிய தெரியாம ஆளை முடிச்சுடும். எலும்பு ரெண்டு நாள் காத்திருக்கும். வலிக்கு மெலாக்சிகாம் ஊசி போட்டுட்டு எக்ஸ்ரேவுக்கு நாமக்கல் போகச் சொன்னார்.

வலி மாத்திரை பத்தி ஒண்ணு சொல்லிடறேன். வீட்டுல இருக்கற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதையும் நாய்க்குக் குடுத்துடாதீங்க. வயித்துல புண் வந்து ரத்தம் போகும், கிட்னியும் போகும். டைக்ளோஃபினாக்குக்கு இன்னொரு கதையும் இருக்குது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுக கூட்டங்கூட்டமா அழிஞ்சு போச்சுன்னு கண்டுபுடிச்சு, 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணுனாங்க. பதிலுக்குப் பரிந்துரை பண்ணுனது இந்த மெலாக்சிகாமைத்தான். எங்களுக்கு வடமேற்கால மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கற கழுகுகளுக்கு அது ஒரு புண்ணியம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கரூர் வழியாப் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆடு, மாடு, கோழின்னு எங்க மாதிரி ஆளுகளுக்கு பழக்கமான எடம்தான். நாய்ப் பக்கம் நான் போனது அன்னைக்குத்தான். வரிசையில எனக்கு முன்னாடி ஒரு ராஜபாளையம், ஒரு பொமரேனியன், வாழைத்தார்க் கூடையில வெச்சுக் கொண்டு வந்த ஒரு பூனை.

எக்ஸ்ரேவை வெளிச்சத்துல மாட்டிட்டு டாக்டரம்மா ஒரு கையைக் கிண்ணம் மாதிரி குவிச்சு, இன்னொரு கையை மடக்கி அதுக்குள்ள வெச்சுக் காமிச்சாங்க. தொடை எலும்போட தலை பந்து மாதிரி, இடுப்புக் குழி கிண்ணம் மாதிரி. செவலைக்குப் பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்து மேல ஏறிக்கிச்சு. அது மட்டும்னா அன்னைக்கே மயக்க மருந்து குடுத்து இழுத்து உள்ள தள்ளிட்டு, பத்துப் பதினாலு நாளைக்குக் காலை மடக்கித் தூளி மாதிரி கட்டி விட்டுடலாம். மூட்டு நழுவுனதை ரெண்டு மூணு நாளைக்குள்ள கொண்டு போயிட்டா அதுக்கு வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆக தசை இறுகிக்கும், குழியும் தூந்துக்கும். ஆனா செவலைக்கு வெளிய வரும்போது பந்துல ஒரு துண்டு ஒடைஞ்சிருந்துச்சு. தள்ளி வெச்சாலும் நிக்காது.

"என்ன பண்ணலாமுங்க?"ன்னு கேட்டேன்.

ஒரே பதில் வரும்னு நினைச்சேன். அஞ்சு வந்துச்சு. ஒடைஞ்ச துண்டைச் சின்னக் கம்பி, திருகாணி வெச்சுப் பொருத்தி மூட்டை மறுபடி உள்ள வெக்கலாம். நல்லா அமைஞ்சா சொந்த மூட்டு மிஞ்சும், அமையலைன்னா கொஞ்ச நாள்ல தேய்மானம் வந்து மறுபடி மேசைக்கு வரணும். மனுசனுக்குப் பண்ற மாதிரி மூட்டையே மாத்திப் புதுசு வெக்கலாம். வெளிநாட்டுல நாய்க்கு 1970கள்ல இருந்தே பண்றாங்க. நம்ம நாட்டுல செய்யற எடமும் கொஞ்சம், செலவும் எங்க மாதிரி ஆளுகளுக்கு எட்டாத தூரம். மூணாவது, பந்தையும் அதைத் தாங்கற கழுத்தையும் வெட்டி எடுத்துட்டு மூட்டே இல்லாம விட்டுடறது. நாலாவது, காலையே எடுத்துடறது. அஞ்சாவது, ஒண்ணும் பண்ணாம விடறது. அப்படி விட்டா சாகாது. ஆனா எலும்பும் எலும்பும் உரசற வலியோடவே காலம் தள்ளும். நாய் வலிக்குதுன்னு கத்தாது, சும்மா படுத்தே கிடக்கும். பார்க்கறவங்க வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க.

எனக்கு அந்த மூணாவதுதான் புரியவே இல்லை. மூட்டை எடுத்துட்டா கால் எதுல நிக்கும்?

"தசையில நிக்கும்ங்க ஐயா. பந்து இருந்த எடத்துல நாராலேயே ஒரு பொய் மூட்டு உருவாகிடும். எலும்பும் எலும்பும் தொடாது, அதனால வலிக்காது. கால் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்." அப்புறம்தான் விசயத்துக்கு வந்தாங்க. "உங்க நாய் 16 கிலோ, ஒடம்புல கொழுப்பே இல்லை, தொடைத் தசை நல்லா இருக்குது. இருபது கிலோவுக்கு உள்ள இருக்கற நாய்களுக்கு இது ரொம்ப நல்லா அமையும். அதே 40 கிலோ நாயா இருந்தா யோசிப்பேன். நீங்க என்ன வேலை வாங்கறீங்க இதுகிட்ட?"

ஆட்டுப் பட்டியைச் சொன்னேன்.

"நடக்க எடம் இருக்குதா? அப்ப சரி. ஒடைஞ்ச எலும்பைச் சேர்த்து பிளேட் போட்டா ஆறேழு வாரம் அசையாம வெச்சிருக்கணும். இது நேர் எதிர். மூணாம் நாள்ல இருந்து நடக்க வெக்கணும். படுக்கப் போட்டீங்கன்னா நார் இறுகி, கால் கட்டையாயிடும். நான் பண்றது பாதிதான்."

காலை எடுத்துடற யோசனையை நானும் முழுசாத் தள்ளலை. வெள்ளகோயில் போற வழியில ஒரு டீக்கடையில மூணு கால் நாய் ஒண்ணு இருக்குது. பஸ் வந்தா முதல் ஆளா ஓடுறது அதுதான். நாய் ஒடம்புப் பாரத்துல நூத்துக்கு அறுபது முன்னங்கால்லதான் இருக்கும். அதனால பின்னங்கால் போறது முன்னங்கால் போற அளவுக்குக் கஷ்டம் இல்லை. காலை எடுத்த நாயைப் பார்த்து அழறது மனுசங்கதான், நாய் நாலு நாள்ல பழகிக்கும்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. நரம்பு செத்துப்போன காலுக்கும், சல்லி சல்லியா நொறுங்கிச் சீழ் புடிச்ச காலுக்கும் அதுதான் சரி. செவலைக்கு நரம்பு நல்லா இருந்துச்சு. விரலைக் கிள்ளுனா திரும்பிப் பார்த்து மொறைச்சுது. மூணாவதுக்கே ஒத்துக்கிட்டேன்.

ராத்திரி தீனி போடாம மறுநாள் காலையில கொண்டு வரச் சொன்னாங்க. ஆபரேசன் முடிஞ்சு வெட்டி எடுத்ததைக் காமிச்சாங்க. பெரிய கோலிக்குண்டு அளவு, ஒரு பக்கம் பிஞ்சிருந்துச்சு. வழவழன்னு வெள்ளையா இருந்த மிச்சப் பக்கத்தைப் பார்த்தப்பத்தான் கொஞ்சம் வெசனமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவைவிட ரெண்டு நாள் கார் வாடகைதான் கடிச்சுது. மொத்தத்துல ரெண்டு கிடாய் வெல. பங்காளி சொன்னது உண்மைதான், வித்துத்தான் குடுத்தேன்.

அந்த இன்னொரு பாதி இருக்குதே, அதைச் சொல்றேன். நாய் சோம்பேறி இல்லைங்க, கெட்டிக்காரப் பிராணி. மூணு கால்ல போறது சுலபம்னா நாலாவதை அது எதுக்கு ஊனணும்? வேகமா நடத்துனா காலைத் தூக்கிக்கிட்டுத் தத்தித் தத்தி ஓடும். மெதுவா, ரொம்ப மெதுவா நடத்துனாத்தான் வேற வழியில்லாம ஊனும். அந்த வேகத்துக்கு எங்க வீட்டுல ஒருத்தராலதான் முடிஞ்சுது. எங்கம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, முழங்கால் தேஞ்சு போச்சு. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லி மூணு வருசமாச்சு, ஒரு நாள் கேட்டதில்லை. செவலைக்காக நடந்தாங்க. காலையில ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை, கவுத்தை ஒரு கையிலயும் தடியை ஒரு கையிலயும் புடிச்சுக்கிட்டுக் கட்டுத்தரையில இருந்து கெணத்து மேடு வரைக்கும். "ஊனு சாமி, ஊனு"ன்னு பேசிக்கிட்டே போவாங்க. பெரண்டைத் துவையலும் விடலை, ஆனா அது நாய்க்கு இல்லை, எங்களுக்கு.

மாத்திரை குடுத்து அரை மணி நேரம் கழிச்சு நான் காலைப் புடிச்சு மெதுவா முன்னால பின்னால பத்துப் பதினஞ்சு தடவை நீட்டி மடக்குவேன். மொத வாரம் வாயைக் கட்டித்தான் செஞ்சேன். தையல் பிரிச்சதுக்கு அப்புறம் உழுத காட்டுல நடத்துனோம். புழுதியில கால் பொதையறதால நாலு காலையும் தூக்கித் தூக்கி வெக்கணும், தசைக்கு அது நல்லது. எங்க கடைமடைக்கு எப்பவாச்சும் வர்ற பி.ஏ.பி. தண்ணி அந்தச் சமயம் வந்திருந்துச்சு. கிளை வாய்க்கால்ல நெஞ்சளவுத் தண்ணியில நடக்க விட்டேன். பட்டணத்துல இதுக்குன்னே தண்ணித் தொட்டிக்குள்ள ஓடற மிசின் வெச்சிருக்காங்களாம். தொடை சூம்பிப் போயிருந்ததால சணல்ல அளந்து வாரா வாரம் ஒரு முடிச்சுப் போட்டு வெச்சேன். மொத ஒரு மாசம் முடிச்சு நகரவே இல்லை. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துச்சு.

அத்தனை நாளும் பட்டிக்கு நானும் பெரிய பையனும்தான் காவல், மாத்தி மாத்திக் கவுத்துக் கட்டில்ல. ஒரு ராத்திரி நாலஞ்சு நாய் வேலியோரம் வந்துருச்சு. வாசல்ல கட்டியிருந்த செவலை கொரைச்ச கொரைப்புல முழிச்சு டார்ச் அடிச்சேன். அதுக ஓடிப்போச்சு. திரும்பி வெளிச்சத்தை இந்தப் பக்கம் அடிச்சா, கவுத்தை இழுத்துக்கிட்டு நாலு காலையும் அழுத்தி ஊனி நிக்குது. வெளிச்சம் பட்டதும் மறுபடி தூக்கிக்கிச்சு.

அசையாம வெச்சிருக்கறதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துல ஒரு இளம் நாய்க்குத் தொடை எலும்புக்குள்ள கம்பி போட்டிருந்தாங்க. சின்ன வயசு எலும்பு சீக்கிரம் கூடும், ஆனாலும் எக்ஸ்ரேவுல கூடுனது தெரியற வரைக்கும் கூண்டுல வெச்சிருக்கணும். மூணாவது வாரம் நல்லாத்தானே நடக்குதுன்னு அவுத்து விட்டுட்டாங்க. கம்பி மேல கெளம்பித் தோலைக் குத்திக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவது ஆபரேசன். இப்படி ஒடைஞ்சதைச் சேர்க்கற ஆபரேசனா இருந்தா, டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடியே ஆறு வாரம் யார் நாயைப் புடிச்சு வெப்பாங்கன்னு வீட்டுல பேசி முடிச்சுக்கணும். எல்லாரும் வேலைக்குப் போற வீடா இருந்தா அதைச் சங்கோஜப்படாம டாக்டர்கிட்டச் சொல்லணும். அதுக்குத் தகுந்த மாதிரி அவங்க பிளேட்டுக்குப் போவாங்க, கம்பியோட நிறுத்த மாட்டாங்க.

பட்டணத்துல இருந்து படிக்கறவங்களுக்கு வண்டி அடிக்கறதைவிட வேற தொந்தரவுதான் அதிகம். சென்னையில இருக்கற சிநேகிதர் ஒருத்தர் லாப்ரடார் வெச்சிருக்கார், 42 கிலோ. எந்திரிக்கும்போது பின்பக்கம் ஆடுதாம், மாடிப்படி ஏற மாட்டேங்குதாம். இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாம, பந்து அதுக்குள்ள லூசா ஆடற கோளாறு. வம்சத்துல வர்றது. 1935-லயே அமெரிக்காவுல எக்ஸ்ரே பார்த்து எழுதி வெச்ச நோய்தான். "உங்க செவலைக்குப் பண்ணுனதையே பண்ணிடலாமா?"ன்னு கேட்டார். அந்த ஒடம்பை வெறும் தசை தாங்கறது கஷ்டம். முதல்ல எடையைக் குறைக்கச் சொல்லி அவரோட டாக்டரே சொல்லியிருக்கார். லாப்ரடார் குட்டிக 48-ஐ வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்து 2002-ல வெளிவந்துச்சு. பாதிக்கு வழக்கமான தீனி, பாதிக்கு அதுல கால் பங்கு கம்மி, ஆயுசு முழுக்க. கம்மியாத் தின்னதுக ரெண்டு வருசத்துக்குக் கிட்ட அதிகமா உயிரோட இருந்துச்சு, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப் போச்சு. தீனியைக் குறைக்கறது, வழுக்கற டைல்ஸ்ல சாக்கு விரிக்கறது, இந்த ரெண்டையும் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் கத்தியைப் பத்திப் பேசலாம். குட்டி வாங்கும்போது தாய் தகப்பனோட இடுப்பு எக்ஸ்ரேவைக் கேட்டு வாங்கறவங்க எத்தனை பேர்? நாங்க காளைக்குச் சுழி பார்க்கற அளவுக்குக்கூட யாரும் பார்க்கறது இல்லை.

இன்னொண்ணு பின்னங்கால் முழங்கால்ல. உள்ள குறுக்கால ஓடற நார் ஒண்ணு அறுந்துடும். கொழுத்த நாய்களுக்கு ஓடாமயே அறுந்து போறதுண்டு. சின்ன நாய் ஓய்வுல தேறிக்கும். பெருசுக்கு ஆபரேசன்தான். மூட்டுக்கு வெளிய நைலான் நரம்பை இழுத்துக் கட்டறது ஒரு முறை. ஆரம்பத்துல அதுக்கு எடுத்தது மீன் புடிக்கற தூண்டில் நரம்பேதான். இன்னொரு முறை 1993-ல ஸ்லோகம்ங்கற அமெரிக்க டாக்டர் எழுதி வெளியிட்டது. கீழ்க்கால் எலும்போட மேல்பக்கம் பின்னால சரிவா இருக்கும். அதை வெட்டித் திருப்பிச் சமப்படுத்தி பிளேட் போட்டுட்டா, அறுந்த நாரே தேவைப்படாது. வழிஞ்சு ஓடற வயலுக்கு வரப்புக் கட்டறது ஒண்ணு, வயலையே மட்டம் பண்றது இன்னொண்ணு. பெரிய நாய்க்கு ரெண்டாவதைச் சொல்வாங்க, செலவு சாஸ்தி.

ஏழு மாசம் ஆச்சு. செவலை பட்டிக்குத் திரும்பிருச்சு. நடக்கும்போது புதுசாப் பார்க்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தலைதெறிக்க ஓடுனா அந்தக் காலைத் தூக்கிக்கும், உக்காந்தா ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காரும். மார்கழிப் பனியில காலையில எந்திரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கிச்சு. அம்மா நடக்கறதை நிறுத்திட்டாங்க, கேட்டா "அதுதான் நல்லாயிருச்சே"ங்கறாங்க.

கடவைத் தாண்டிக் குதிக்கறது மட்டும் இனி முடியாது. அதனால வேலிக்கு அடியில அது நுழையற அளவுக்கு ஒரு சந்து வெட்டி விட்டேன். ரெண்டே நாள்ல குட்டிகளும் அந்தச் சந்தைக் கண்டுபுடிச்சுட்டுது. இப்ப பொழுதோட அதுல ஒரு பலகையைச் சாத்தி வெச்சு, செவலை வந்து பொறாண்டுனா தொறந்து விடறது ஒரு தனி வேலை.